பின்னால் மோதுண்ட கார்: பஃபரைக் கழற்றாமல் எந்த எஸ்டிமேட்டுக்கும் தலையாட்ட வேண்டாம்

வாசகர் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இது. கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவர். 2014ஆம் ஆண்டு ஹொண்டா ஃபிட் ஜீபீ5 ஹைபிரிட் கார். மூன்று நாட்களுக்கு முன் பம்பலப்பிட்டியில் சிக்னலில் நின்றபோது பின்னால் வந்த வான் மோதியிருக்கிறது. பஃபரில் ஒரு பள்ளம், இரண்டு கீறல். டிக்கிக் கதவை ஓங்கிச் சாத்தினால்தான் பூட்டுகிறது. ஒரு கராஜில் பஃபரைச் சரிசெய்து பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார்கள். இன்னொரு கராஜில் பின் பனலை மாற்ற வேண்டும் என்கிறார்கள். காப்புறுதிக் கம்பனி ஒரு தொகையைக் கையில் தந்து முடித்துக்கொள்ளலாம் என்கிறது. எதை ஏற்பது?

இன்றைக்கு எதையும் ஏற்காதீர்கள். பஃபரைக் கழற்றிப் பார்க்கும்வரை மூன்று தரப்பும் ஊகத்தில்தான் விலை சொல்கின்றன. பஃபரின் வெளித்தோல் பொலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். அடி பட்டால் உள்ளே போய்விட்டு, வாகனம் விலகியதும் பாதிக்கு மேல் தானாகவே வெளியே வந்துவிடும். அதன் பின்னால் இருக்கும் தகடு, அதாவது பின் பனல், அப்படி வராது. அதனால் வெளியே சின்னப் பள்ளம், உள்ளே சப்பளிந்த பனல் என்பது பின்பக்க மோதலில் அடிக்கடி காணும் நிலை.

உங்கள் காரில் அதற்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. டிக்கிக் கதவின் லொக் வந்து கொளுவும் கொக்கி பின் பனலில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. பனல் சில மில்லிமீற்றர் முன்னே தள்ளப்பட்டாலோ கீழே இறங்கினாலோ லொக்கும் கொக்கியும் நேருக்கு நேர் சந்திக்காது. அதனால்தான் ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கிறது. கொக்கியின் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்திவிட்டு, "இப்ப சரி" என்று தருவார்கள். கதவு பூட்டும், பனல் நெளிந்த இடத்திலேயே இருக்கும்.

பஃபரைக் கழற்றுவது பெரிய வேலையல்ல. டெயில் லாம்ப் இரண்டையும் எடுத்து, சக்கர வளைவுக்குள் இருக்கும் திருகுகள், அடியில் உள்ள கிளிப்புகள், டிக்கி வாசலில் உள்ள போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றினால் அரை மணி நேரத்தில் கையில் வரும். கழற்றும் கூலியைக் கொடுத்துப் பாருங்கள். அந்தச் சின்னச் செலவில்தான் சரியான முடிவு கிடைக்கும்.

கழற்றியதும் பார்க்க வேண்டியவை. முதலில், தோலுக்குப் பின்னால் பீமும் (அடியைத் தாங்கும் குறுக்குத் தண்டு) நுரைப் பஞ்சும் உண்டா என்று பாருங்கள். சில ஜப்பான் உள்நாட்டுச் சிறிய கார்களில் பின்புற பீமே இருக்காது. தோலுக்குப் பின்னால் நேராகப் பின் பனல்தான். பீம் இருந்து அது வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்தாமல் மாற்றுங்கள். போல்ட்டில் நிற்கும் பாகம்தானே. நுரை வெடித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பலர் அதை அப்படியே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அடுத்த மோதலில் வேலை செய்ய வேண்டியது அதுதான்.

அடுத்தது பின் பனல். டிக்கி விரிப்பையும் பக்க அட்டைகளையும் எடுத்துவிட்டு உள்ளிருந்து பாருங்கள். பனலும் தரைத் தகடும் சேரும் ஓரத்தில் பூசியிருக்கும் சீலர் வெடித்திருக்கிறதா? ஸ்பொட் வெல்ட் குழிகளைச் (இரண்டு தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டிய இடங்கள்) சுற்றிப் பெயின்ட் பொரிந்திருக்கிறதா? தரைத் தகட்டில் துணி கசங்கியதுபோல அலை விழுந்திருக்கிறதா? ஸ்பெயார் சக்கரம் உள்ள கார்களில் அந்தக் குழியின் பின்சுவரைத் தடவிப் பாருங்கள், அங்கேதான் முதலில் மடிப்பு விழும். மோதலின் விசை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை இந்த அடையாளங்கள் காட்டிவிடும். சீலரில் வெடிப்பு எதுவும் இல்லாமல் பனலின் நடுவில் மட்டும் பள்ளம் என்றால் விசை அங்கேயே முடிந்துவிட்டது. தரையில் அலை என்றால் அது சேசிஸ் கால்வரை போயிருக்கலாம்.

சேசிஸ் கால் என்று டிங்கர் பாஸ்மார் சொல்வது, தரைக்கு அடியில் இடமும் வலமும் நீளமாக ஓடும் இரண்டு பெட்டி வடிவத் தண்டுகளை. காரின் பின்பாதியைத் தாங்குவது அவைதான். இவற்றைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்கக் கூடாது, அளக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு தொழிற்சாலைத் துளை, வலப்பக்கம் அதே துளை. இரண்டிலிருந்தும் எதிர்ப்பக்க முன் துளைகளுக்குக் குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பொதுவாக 3 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் உடம்பு நகர்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். டிக்கி வாசலின் குறுக்களவையும் இப்படியே எடுங்கள். ஒரு டேப்பும் ஓர் உதவியாளும் இருந்தால் வீட்டு வாசலிலேயே செய்யலாம். பின் கதவுகளின் இடைவெளிகளையும் இடம், வலம் ஒப்பிடுங்கள். மேற்பக்கம் அகன்று கீழ்ப்பக்கம் ஒடுங்கியோ, மாறியோ இருந்தால் குவாட்டர் பனல், அதாவது பின் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு, அசைந்திருக்கிறது.

இந்த வகைக் கார்களின் பின் அக்சில் டோர்ஷன் பீம், இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு. ஆகவே வீல் அலைன்மென்ட் எடுக்கும்போது முன் சக்கரங்களோடு நிறுத்தாமல் நான்கு சக்கர அளவையும் அச்சிட்ட தாளில் வாங்குங்கள். பின் சக்கரங்கள் நோக்கும் திசை காரின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தால், நேராக ஓடும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், டயர் ஓரமாகத் தேயும். முன்பக்கத்தில் கம்பியை முறுக்கி ஸ்டியரிங்கை நேராக்கித் தருவது பிழையை மறைக்கும் வேலை.

இனி ஹைபிரிட் விடயம். இதைப் பற்றி இரண்டு கராஜ்களும் வாய் திறக்காதது கவலைக்குரியது. ஜீபீ5 ஃபிட்டிலும் அதே குடும்பத்து வெசல் ஹைபிரிட்டிலும் லித்தியம் பற்றரியும் அதன் மின்கருவிகளும் பின் ஆசனத்துக்குப் பின்னால், டிக்கித் தரைக்கு அடியில் இருக்கின்றன. மூன்றாம் தலைமுறை பிரியஸிலும் பின் ஆசனத்துக்குப் பின்னால்தான். அக்குவாவிலும் அக்ஸியோ ஹைபிரிட்டிலும் பின் ஆசனத்துக்கு அடியில். வெகன்ஆர் ஹைபிரிட்டின் சின்னப் பற்றரி முன் பயணி ஆசனத்துக்கு அடியில். அதாவது ஒரே அடி அக்குவாவில் பனல் வேலையாக முடிந்துபோகலாம். உங்கள் காரில் அது பற்றரிப் பெட்டியின் வாசலில் விழுந்த அடி. பெட்டியின் தாங்கிகள் வளைந்திருக்கின்றனவா, காற்றுக் குழாய் விலகியிருக்கிறதா, உயர் அழுத்த மின் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களின் உறையில் நசிவு உண்டா என்று ஹைபிரிட் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். ஸ்கேனர் போட்டு ஹைபிரிட் பகுதியின் பிழைக் குறிகளையும், மின்கசிவுக் குறி உண்டா என்பதையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லை என்பது போதாது. அந்தப் பெட்டிக்குள் 150 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. டிங்கர் பாஸ் அதைத் திறக்கக் கூடாது.

எந்த வெல்டிங்குக்கும் முன் 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, உயர் அழுத்தச் சுவிட்சை நிறுத்தி, குறைந்தது 10 நிமிடம் விட வேண்டும். பின் பனலில் வெல்டிங் என்றால் ஜீபீ5இல் பற்றரித் தொகுதியையே இறக்கி வைப்பதுதான் முறை. தீப்பொறி விழும் தூரத்தில் லித்தியம் பற்றரியை வைத்துக்கொண்டு வேலை செய்யும் கராஜுக்குக் காரை விடாதீர்கள். "இதை இறக்குவீர்களா, யார் இறக்குவார்?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலை வைத்தே கராஜைத் தெரிவு செய்துவிடலாம்.

நிமிர்த்துவதா மாற்றுவதா என்ற கேள்விக்கு வருவோம். வளைந்ததை நிமிர்த்தலாம், மடிந்ததை மாற்ற வேண்டும்: தகட்டு வேலையில் நெடுங்காலமாக இருக்கும் விதி இது. அகலமாக, மெதுவாக வளைந்த தகடு குளிர்நிலையில் இழுக்கப்பட்டால் பழைய வடிவுக்கு வரும். கூர்மையாக மடிந்த இடத்தில் உலோகம் ஏற்கெனவே தன் எல்லைவரை இழுபட்டிருக்கிறது. நிமிர்த்தினாலும் மடிப்புக் கோடு நிற்கும், மயிரிழை வெடிப்பு வரும், பலம் திரும்பாது. அந்த மடிப்பை காஸ் சுட்டு நிமிர்த்துவது இன்னும் மோசம். இன்றைய கார்களின் சேசிஸ் கால்கள் உயர்வலு உருக்கு. சிவக்கச் சுட்டால் அந்த வலு போய்விடும். பெயின்ட் அடித்த பிறகு யாருக்கும் தெரியாது. அடுத்த மோதலில் தெரியும்.

உங்கள் பின் பனலில் கொக்கி இருக்கும் இடம் நகர்ந்திருப்பதால், மடிப்பு இருந்தால் இரண்டாவது கராஜ் சொன்னதுதான் சரி. ஆனால் "மாற்றுகிறோம்" என்பதிலும் செய்முறை உண்டு. பழைய பனலை உடனே வெட்டி எடுத்துவிடக் கூடாது. காரைப் பெஞ்சில் (உடம்பை இழுத்து நிமிர்த்தும் இரும்புச் சட்டகம்) ஏற்றி, கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டு ஓரங்களில் நான்கு இடத்தில் இறுகப் பிடித்து, நெளிந்த பனல் உடம்போடு இருக்கும்போதே அதில் கிளாம்ப் போட்டு, அடி வந்த திசைக்கு நேர் எதிராக இழுக்க வேண்டும். கொஞ்சம் இழுத்து, விட்டு, அளந்து, மீண்டும் இழுக்க வேண்டும். தகடு திரும்பிப் போகும் குணமுள்ளது. அதனால் அளவை விட ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூட இழுத்து விடுவார்கள். தரையும் சேசிஸ் கால்களும் அளவுக்கு வந்த பிறகுதான் பனலை வெட்ட வேண்டும். முதலிலேயே வெட்டினால் பிடித்து இழுக்க ஒன்றும் மிஞ்சாது. நெளிந்த தரையில் புதுப் பனலை ஒட்டிவிட்டு, இடைவெளிகளைப் பட்டியால் (பெயின்ட்டுக்கு முன் பூசும் நிரப்புப் பசை) நிரப்புவார்கள். தூணிலோ மரத்திலோ சங்கிலி கட்டிக் காரை முன்னே ஓட்டி இழுப்பது அளவே இல்லாத வேலை. அதை அனுமதிக்காதீர்கள்.

பனலைப் பிரிக்க ஸ்பொட் வெல்ட் கட்டரால் ஒவ்வொரு குழியையும் துளைத்தெடுப்பதே நல்லது. உளியால் கிழித்தால் கீழ்த்தகடு கந்தலாகும். புதுப் பனலில் தொழிற்சாலை போட்டிருந்த அதே எண்ணிக்கைக் குழிகள் வர வேண்டும். ஸ்பொட் வெல்டர் இல்லாத இடத்தில் 6 முதல் 8 மில்லிமீற்றர் துளையிட்டு மிக் வெல்டிங்கால் நிரப்பலாம். 30 குழி இருந்த இடத்தில் 10 போட்டால் பார்வைக்குப் பிடித்திருக்கும், ஒரு வருடத்தில் டிக்கியில் கிறீச் சத்தம் தொடங்கும். இரண்டு தகடும் தொடும் முகங்களில் வெல்டிங்குக்கு முன் துத்தநாகப் பிரைமர், பிறகு ஓரங்களுக்குச் சீலர், பெட்டித் தண்டுகளுக்குள் மெழுகு, அடியில் அண்டர்சீல். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்காற்றில் நிறுத்தும் காருக்கு இந்தக் கட்டம் மிக முக்கியம். வெல்டிங் சூட்டில் கருகிய உட்பக்கத்தைப் பூசாமல் விட்டால் துரு உள்ளிருந்து தின்னும், வெளியே கொப்புளம் தெரியும்போது தகடு ஓட்டையாகியிருக்கும். எஸ்டிமேட்டில் சீலருக்கும் மெழுகுக்கும் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு பாகத்தைச் சொல்ல வேண்டும். பஃபரின் மூலையில், தோலுக்குப் பின்னால், ரப்பர் மடல்கள் கொண்ட பிளாஸ்டிக் காற்றுவாய் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கதவைச் சாத்தும்போது உள்காற்று வெளியேறுவது அதன் வழியாக. மோதலில் அது உடைந்தோ கழன்றோ போனால் மழைநீரும் புழுதியும் டிக்கிக்குள் வரும், சைலன்சர் புகையும் வரும். பிள்ளைகள் இருக்கும் பின் ஆசனத்துக்கு வரும் புகை அது. விலை குறைந்த பாகம், கேட்டு மாற்றுங்கள்.

பஃபர் தோலைப் பொறுத்தவரை தாராளமாகத் திருத்தலாம். பள்ளத்தைக் கொதிநீர் அல்லது ஹீட் கன்னால் இளக்கி உள்ளிருந்து தள்ளினால் வரும். கிழிசலை அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியால் வெல்ட் செய்யலாம். வகை உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் பக்கக் காதுகள் உடைந்திருந்தால், அல்லது குவாட்டர் பனலோடு அதைப் பிடிக்கும் பிராக்கட் முறிந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் பெயின்ட் அடிப்பது வீண். மூன்றே மாதத்தில் மூலை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். மாற்றுவதென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த கழற்றிய பஃபர் கிடைக்கும், தாய்வான், சீன டூப்ளிகேட்டும் கிடைக்கும். டூப்ளிகேட் தோல் காதுகளில் சரியாக உட்காராமல் போவதால், நல்ல நிலையில் உள்ள கழற்றிய ஒரிஜினலே மேல் என்பது என் கருத்து. வாங்கும்போது 2017 முகமாற்றத்துக்கு முந்தியதா பிந்தியதா, ஆர்எஸ் வகையா சாதாரணமா என்று பாருங்கள். இவற்றின் பஃபர்கள் வேறுபடும். டெயில் லாம்ப் என்றால் பின்புறக் காதுகள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வேறு காரிலிருந்து கழற்றிய பின்புறப் பனல் வாங்கினால், ஓரத்தில் வெட்டாமல் கொஞ்சம் தரையோடு வெட்டியதாகவும், முன்பு பட்டி வைக்காததாகவும் இருக்க வேண்டும். காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள், பட்டி தடித்த இடத்தில் அது பிடிக்காது. சீட் பெல்ட் மட்டும் ஒருபோதும் கழற்றியது வாங்க வேண்டாம். பக்கப் பார்வை ரேடார் உள்ள புதிய கார்களில் பஃபர் மூலையில் பட்டி வைப்பதும் தடித்த பெயின்ட் அடிப்பதும் கூடாது, ரேடார் பிழையாகப் பார்க்கும்.

பெயின்ட். உங்கள் கார் பேர்ல் வெள்ளை என்றால் அது மூன்று படை: அடிவெள்ளை, பேர்ல், கிளியர். பேர்ல் படை எத்தனை தடவை என்பதைப் பொறுத்து நிறம் மாறும். கதவுத் தூணில் உள்ள நிறக்குறி ஆரம்பம் மட்டும்தான். துண்டுத் தகட்டில் அடித்து வெயிலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டி 3 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். பஃபரைத் தனியாகச் சூளையில் வைக்கலாம்; பற்றரி உள்ளே இருக்கும் காரை 60 பாகைக்கு மேல் நீண்ட நேரம் சூளையில் நிறுத்தக் கூடாது.

ஆசனங்களை மறக்க வேண்டாம். பின்மோதலில் முன்னால் இருப்பவரின் உடல் முழுவதும் அவர் அமர்ந்திருக்கும் ஆசனத்தின் முதுகில்தான் மோதுகிறது. ஓட்டுநர், பயணி ஆசன முதுகுகளை ஒரே கிளிக்கில் வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட அதிகம் சாய்ந்திருந்தால் அதன் சட்டகம் வளைந்துவிட்டது. குழந்தை ஆசனம் இருந்தால் மாற்றுங்கள். கழுத்து வலி சில வேளை மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் தெரியவரும். அது இருந்தால் வைத்தியரிடம் காட்டாமல் "முழுமையான தீர்வு" என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்போது பணம். நின்றிருந்த உங்கள் காரில் பின்னால் வந்து மோதியிருப்பதால் பொறுப்பு பெரும்பாலும் வான் ஓட்டுநருடையது. அவருடைய காப்புறுதியிடம் மூன்றாம் தரப்பாகக் கோரலாம். அதற்கு பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி பெரும்பாலும் கேட்கப்படும், இல்லையென்றால் இன்றே போய் எழுதுங்கள். உங்கள் சொந்தக் காப்புறுதியில் எடுத்தால் வேகமாக முடியும், ஆனால் நோ கிளெய்ம் போனஸ் என்னாகும், நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பொறுப்பு மற்றவருடையது என்று உறுதியானால் போனஸைத் திருப்பித் தருவார்களா என்பதையும் கேளுங்கள்.

கையில் தரும் தொகையை ஏற்பதில் தவறில்லை, அது முழுச் சேதத்தையும் பார்த்த பிறகு வந்த தொகையாக இருந்தால். பஃபர் மாட்டியிருக்கும் படத்தை வைத்து வந்த தொகையில் பனலும் பற்றரிப் பரிசோதனையும் இருக்காது. கழற்றிய நிலையில் மதிப்பீட்டாளரை மீண்டும் அழையுங்கள். மேலதிக எஸ்டிமேட் கொடுப்பது வழமையான நடைமுறை. அவர் வந்து பார்க்கும்முன் எதையும் வெட்டவோ எறியவோ கூடாது. பழைய பாகங்களைக் கம்பனி கேட்கும்.

இன்னொரு பொறி, காப்புறுதித் தொகை. 2020 இறக்குமதித் தடைக்குப் பிறகு பழைய கார்களின் விலை ஏறிய அளவுக்குப் பலர் காப்புறுதித் தொகையை ஏற்றவில்லை. சராசரி விதி (காரின் பெறுமதிக்குக் குறைவாகக் காப்புறுதி செய்திருந்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் விதி) உள்ள பொலிசியில், கார் 60 இலட்சம் பெறுமதி, காப்புறுதி 45 இலட்சம் என்றால், 4 இலட்சம் சேதத்துக்கு 3 இலட்சம்தான் வரும். அதற்கு மேல் பழைய காருக்குப் புதுப் பாகம் போடுவதற்கான கழிவும் இருக்கலாம். ஆகவே புதுப் பாகமா கழற்றியதா என்பதை இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கம்பனியோடு உடன்பாடு வராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். கார் லீசிங்கில் இருந்தால் அவர்களுக்கும் அறிவியுங்கள். வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் அவர்கள்.

பஃபர் மட்டும்தான் சேதம், உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிய வந்தால், சொந்தப் பொலிசியைத் தொடாமல் வான்காரரிடமோ அவரது காப்புறுதியிடமோ பஃபர் செலவை வாங்கி முடிப்பதே இலாபம்.

கராஜில் விடும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: இழுக்கும்போது, பனல் வெட்டியபின், வெல்டிங் முடிந்து பிரைமருக்கு முன், சீலர் போட்டபின். நாளைக்குக் காரை விற்கும்போது வாங்குபவர் பெயின்ட் தடிப்பு அளப்பார். தொழிற்சாலைப் பெயின்ட் ஏறக்குறைய 100 மைக்ரோன், உங்கள் பின்புறம் கட்டாயம் கூடக் காட்டும். அப்போது இந்தப் படங்கள்தான் பேசும்.

காரை எடுக்கும் நாளில் மழை பெய்யாவிட்டால் ஹோஸ் குழாயால் டெயில் லாம்ப், டிக்கி ரப்பர், பஃபர் மூலைகளில் 10 நிமிடம் நீர் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு விரிப்பைத் தூக்கி, தரை ஓரங்களைக் கடதாசித் துண்டால் ஒற்றிப் பாருங்கள். ஜீபீ5இல் அந்த நீர் போய் நிற்பது பற்றரித் தொகுதியின் பக்கத்தில். கடதாசி நனைந்தால் காரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.